வசவு படிக்க வந்த அக்கா

இத்தாலி பாஷையில் ஒரு ஆளை எப்படித் திட்டுவது என்று திண்டுக்கல்லில் வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் எங்கள் வெங்காயக்கடை அக்காதான். மற்றவர்கள் எல்லாம் வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும் ரயிலுக்கு வழி கேட்கவும் கற்றுக்கொள்ள வந்திருந்தோம். அக்காவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "வணக்கம் சொல்றதுக்கு நான் என்ன கலெக்டர் ஆபீசுக்கா போறேன்? வையிறதுக்கு என்ன வார்த்தைன்னு சொல்லுங்க சார்" என்று கேட்பார். சார் காது கேட்காதவர் போலக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

திண்டுக்கல்லில் எதற்கு இத்தாலி பாஷை என்று இன்றைக்குச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து கன்னியாஸ்திரியாகப் போக விரும்பிய பெண்களை அந்த நாட்டு மடம் ஒன்று அழைத்துக்கொண்டது. இங்கிருந்து போகிற பெண்கள் எல்லாரும் முதலில் போய் இறங்குவது அந்த மடத்தில்தான். போகுமுன் நாலு வார்த்தை தெரிந்திருக்கட்டும் என்று பங்குச் சாமியார் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு ஏற்பாடு செய்தார். கோயில் பள்ளிக்கூடத்தின் தையல் அறைதான் இடம். தையல் மெஷின்களுக்கு நடுவே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்போம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சாமியார் வாய் தவறிச் சொல்லிவிட்டதால் முஸ்லிமான நானும் உள்ளே வந்துவிட்டேன். நான் அப்போது பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இத்தாலிக்காரன் தோல் வாங்க வரப்போகிறான் என்று யாரோ என் முதலாளியிடம் கிளப்பிவிட்டிருந்தார்கள். அவன் வந்தால் பேச ஒரு ஆள் வேண்டுமாம். கடைசிவரை எந்த இத்தாலிக்காரனும் வரவில்லை. அது வேறு கதை.

வகுப்பில் மூன்று கூட்டம். ஜன்னல் ஓரம் புதிதாக வந்தவர்கள். நடுவில் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். வாசல் பக்கம், பயணத்துக்குத் துணிமணி தைத்து முடித்துவிட்ட பெண்கள். ஒரே சார்தான் மூன்றையும் மேய்க்க வேண்டும். நடுக்கூட்டத்துக்கு எழுதக் கொடுத்துவிட்டு எங்களிடம் வருவார், எங்களைக் கத்தவிட்டுவிட்டு வாசல் பக்கம் போவார். ஜன்னலிலிருந்து நடுவுக்குப் போவதே பெரிய பதவி உயர்வு. போன ஆள் ஒரு வாரம் எங்களைத் திரும்பிப் பார்க்காது.

நானும் அக்காவும் ஒரே பெஞ்சு. பாசத்தினால் இல்லை. என் மேல் தோல் நாற்றம், அவர் மேல் வெங்காய வாடை. எங்கள் இருவர் பக்கத்திலும் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அக்காவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். கட்டுக்குட்டான உடம்பு, சேலை மடிப்பிலும் தலைமுடியிலும் வெங்காயச் சருகு ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். குரல்தான் விசேஷம். மார்க்கெட்டின் ஒரு கோடியில் அவர் பேரம் பேசினால் மறு கோடியில் விலை குறையும் என்பார்கள். புருஷன் இல்லை. ஒரே மகள் லூர்து. அந்தப் பெண் முதல் கூட்டத்தோடு இத்தாலிக்குப் போய்விட்டிருந்தாள்.

அக்கா ஒருவரை மதிக்கிறார் என்றால் திட்டுவார். பிடித்துவிட்டால் இன்னும் அதிகமாகத் திட்டுவார். என்னைப் பார்த்த இரண்டாம் வாரமே, "ஏலே தம்பி, சட்டையில பித்தான் இல்லாம எவன்டா உனக்குக் கணக்கு எழுத வேலை குடுத்தது?" என்று ஆரம்பித்து, அங்கேயே ஒரு மெஷின் டிராயரிலிருந்து ஊசி எடுத்துப் பித்தானைத் தைத்து முடிக்கிறவரைக்கும் நிறுத்தவில்லை. எனக்குத் தாயில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எதற்காகச் சந்தோஷமாக இருக்கிறோம் என்று எனக்கே விளங்கவில்லை. அவருக்குப் பிடிக்காதவர்களிடம் மரியாதையாகப் பேசுவார். மார்க்கெட் ஏலக்காரர் ஒருவரை அவர் "வாங்க, உட்காருங்க" என்று சொன்னதைக் கேட்டுக் கடைத்தெருவே பயந்துபோனது.

ஏன் இந்த வயதில் இத்தாலி பாஷை என்று ஒருநாள் கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சாமியார் சொன்னாரு தம்பி. அவ என்னைக்காவது ஒருநாள் இந்தப் பக்கம் வருவா. வந்தா ஒரு மணி நேரம் பார்க்கலாம். ஆனா துணைக்கு ஒரு சிஸ்டர் கூட உட்கார்ந்திருப்பாங்களாம். அவங்க காதுல விழுற மாதிரி, அவங்களுக்குப் புரியிற பாஷையிலதான் பேசணுமாம். அவங்க சபைச் சட்டம்."

"அதுக்கு நல்ல வார்த்தையா நாலு பேசினாப் போதாதா அக்கா? திட்டு எதுக்கு?"

"உனக்கு எங்க வீட்டைத் தெரியாது. நான் வாயை மூடுனா கோவம்னு அர்த்தம். அவ ரயிலேறின அன்னைக்கு ஊரே கூடி நிக்கிது. சாமியாரு மந்திரிக்கிறாரு, பாட்டுப் பாடுறாங்க, பிள்ளைக்கு மாலை போட்டிருக்காங்க. நான் எப்படி வாயைத் தொறப்பேன்? பெரிய மனுசி மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டேன். ஒரு வார்த்தை வையாம அனுப்பிட்டேன்டா. அவ அங்க படுத்துக்கிட்டு என்ன நினைப்பா? அம்மா கோவத்துலதான் அனுப்பிச்சான்னுதான நினைப்பா?"

கடுதாசியில் எழுதலாமே என்றேன். திட்டைக் கடுதாசியில் எழுதினால் அது வெறும் திட்டாகத்தான் போய்ச் சேரும் என்றார்.

சார் பட்டாளத்திலிருந்து வந்தவர். உலகச் சண்டையில் பிடிபட்டு இத்தாலியில் கைதியாக இருந்தவர், முகாமிலிருந்து தப்பி ஒரு குடியானவர் வீட்டில் ஒளிந்து கிடந்து பாஷை கற்றவர். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, வாய் நிறைய மரியாதை. அக்காவை நடுக்கூட்டத்துக்கு ஏற்றிவிட அவர் இரண்டு மூன்று தடவை முயன்றார். பாஷை அக்காவுக்கு நன்றாகவே வந்தது. மார்க்கெட் வாய்க்கு எந்தப் பாஷையும் கஷ்டமில்லை.

"அங்க போனா என்ன சொல்லிக் குடுப்பீங்க?" என்று அக்கா கேட்டார்.

"ஞானப் புத்தகம் வாசிக்கலாம்மா. முறையா கடிதம் எழுதலாம்."

"அதுக்கெல்லாம் அவளுக்கு அங்க ஆளிருக்கு சார். தின்னியா, தூங்குனியான்னு கேக்கத்தான் ஆளில்ல. அது இந்தப் பெஞ்சுலதான இருக்கு?"

அப்படியே ஜன்னல் ஓரத்திலேயே இருந்துவிட்டார். நான் நடுவுக்குப் போனேன், பிறகு ஏதோ காரணம் சொல்லித் திரும்ப ஜன்னலுக்கே வந்துவிட்டேன். புதிது புதிதாகப் பெண்கள் வந்தார்கள், நடுவுக்குப் போனார்கள், வாசலுக்குப் போனார்கள், வாசல் தாண்டிக் கப்பலேறினார்கள். அக்கா ஒவ்வொரு புதுக் கூட்டத்தோடும் முதல் பாடத்திலிருந்து கத்தினார்.

ஒரு சனிக்கிழமை பெருமழை. பெண்கள் யாரும் வரவில்லை. சாரும் நாங்கள் இருவரும் மட்டும். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார், ஒரு வார்த்தையாவது சொல்லுங்க சார் என்று. சார் மழையைப் பார்த்தபடி நின்றிருந்தார். பிறகு, பாடம் நடத்துகிற குரலில் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"நான் ஒளிஞ்சிருந்த வீட்டுல ஒரு அம்மா. அவங்களுக்கே திங்க இல்லாத காலம். எனக்குக் குடுத்த ரொட்டியில பாதியை எடுத்து நான் ஒளிச்சு வச்சுக்குவேன். ஒருநாள் கண்டுபிடிச்சுட்டாங்க. இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னு என்னை வஞ்சாங்க பாருங்க. சேய் பெல்லே எ ஒஸ்ஸா. மாஞ்ஜா. மாஞ்ஜா. அப்படின்னா, எலும்பும் தோலுமா கெடக்க, தின்னுடா தின்னுன்னு அர்த்தம். நான் முழுசையும் தின்னு முடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்னாங்க."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அங்கயும் எலும்பும் தோலும்னுதான் சொல்றாங்களா?" அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அவங்க தோலை முதல்ல சொல்வாங்க, எலும்பைப் பிறகு சொல்வாங்க."

"அப்ப அது எங்க மண்டிப் பாஷைதான்" என்றேன் நான். சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அதன் பிறகு சார் ஒளிக்கவில்லை. அந்த அம்மா வைத வசவுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். காலில் செருப்பில்லாமல் ஈரத்தில் போனதற்கு, தலை துவட்டாததற்கு, கூப்பிட்டதும் வராததற்கு. அக்கா கடையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். வெங்காயத்தைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு இத்தாலியில் அர்ச்சனை நடந்தது. நான் அந்த வழியாகப் போனால் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து "மாஞ்ஜா!" என்று சத்தம் வரும். ஒருநாள் கூட வந்த முதலாளி, "என்னப்பா சொல்லுது அந்தம்மா?" என்று கேட்டார். சாப்பிடச் சொல்லுது என்றேன். "அதுக்கா இம்புட்டுச் சத்தம்?" என்றார்.

லூர்து வந்தாள். இங்கே ஒரு கிளை மடம் திறக்க இடம் பார்க்க வந்தவர்களோடு அவளையும் அனுப்பியிருந்தார்கள். திண்டுக்கல்லில் ஒரு மணி நேரம் நின்று போவார்கள் என்று சாமியார் சொல்லி அனுப்பினார். அக்கா என்னையும் சாமியார் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீ வராந்தாவுல, ஜன்னலுக்கு வெளிய நில்லு தம்பி. எனக்கு வார்த்தை மறந்துபோச்சுன்னா எடுத்துக் குடு."

நின்றேன். லூர்து உள்ளே வந்தாள். வெள்ளைத் துணியால் தலையை மூடியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், மெலிந்திருந்தாள். கூடவே ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி. வயதானவர், நல்ல பருமன், மூட்டு வலியோடு நடந்துவந்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அக்கா எழுந்து நின்று மகளை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"சேய் பெல்லே எ ஒஸ்ஸா" என்றார்.

வெள்ளைக்கார அம்மா ஒரு கணம் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார் பாருங்கள், வராந்தாவில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. நாற்காலியை இழுத்து அக்கா பக்கத்தில் போட்டுக்கொண்டார். எங்கே கற்றாய், யார் சொல்லிக் கொடுத்தது, இது எங்கள் ஊர் வசவல்லவா என்று மளமளவென்று கேள்வி. அக்கா ஒன்றுக்கும் சளைக்கவில்லை. வெங்காயம் பற்றிப் பேச்சு வந்தது. மழை பற்றி, மூட்டு வலி பற்றி, அந்த அம்மா வீட்டுப் பசுக்கள் பற்றி. இடையிடையே அக்கா மகள் பக்கம் திரும்பி ஏன் சாப்பிடுவதில்லை, ஏன் தூங்குவதில்லை என்று இத்தாலியில் வைதார். அவள் "ஸி, மம்மா" என்று, சரிம்மா என்பதாக, தலையாட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சார் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

லூர்துவின் முகத்தை நான் வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய்விட்டு வந்த தாயின் கைப்பையைப் பார்க்கும் சின்னப் பிள்ளை மாதிரி.

வெள்ளைக்கார அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போனார். லூர்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"தமிழ் மறந்துபோச்சாம்மா உனக்கு?"

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "அவங்களுக்குப் புரியணும்ல? சட்டம்ல?"

"அந்தச் சட்டத்தை இப்பத் தளர்த்திட்டாங்கம்மா. வர்ற வழியெல்லாம் அவங்க சொல்லிக்கிட்டே வந்தாங்க. உன் பாஷையிலயே உங்கம்மாகிட்ட ஆசை தீரப் பேசு, நான் பாட்டுக்கு ஓரமா செபமாலை சொல்லிக்கிட்டிருக்கேன்னு. நீ அவங்க பாஷையில பேசவும் அவங்களுக்கு இருப்புக் கொள்ளல. அவங்களும் ஊரை விட்டு வந்து எத்தனை நாளாச்சு. நான் எப்படி நிறுத்தச் சொல்லுவேன்?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார்.

"அஞ்சு வருசமா என்னை யாரும் தமிழ்ல வையலம்மா. எல்லாரும் சிஸ்டர் சிஸ்டர்ங்கிறாங்க. செத்த நேரம் வையி."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

"ஏன்டி" என்றார் அக்கா.

லூர்து கண்ணை மூடிக்கொண்டாள். "ம். சொல்லு."

அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மார்க்கெட்டையே ஒரு குரலில் அடக்குகிற மனுஷி, மறுபடியும் "ஏன்டி" என்றார். அத்தோடு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. எடுத்துக் கொடுப்பதற்காகத்தான் நான் நின்றிருந்தேன், என்னிடம் இருந்ததெல்லாம் இத்தாலிதான். பெற்ற மகளை வைய அவருக்கு நான் எந்தத் தமிழை எடுத்துக் கொடுப்பது? ஹாரன் மறுபடி அடித்தது. வெள்ளைக்கார அம்மா வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். ஜீப் மதுரை ரோட்டில் திரும்புகிறவரை அக்கா வாசலில் நின்றார். வழியில் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. என் வீட்டு முனை வந்ததும், "போயிட்டு வாங்க தம்பி" என்றார். அந்த 'வாங்க' என்னை அடித்துப் போட்டது.

இனி வகுப்புக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை வந்தார். ஜன்னல் பக்கம் வராமல் நேரே வாசல் கூட்டத்துக்குப் போய், "இந்த வாரம் கப்பலுக்குப் போறது யாரு?" என்று கேட்டார். ஒரு பெண் எழுந்து நின்றாள். அக்கா இடுப்பில் கையை வைத்து ஆரம்பித்தார், சுத்தமான மார்க்கெட் தமிழில்.

"ஏன்டி, இடுப்பு வரைக்கும் முடியைத் தொங்கவிட்டிருக்கியே, ஒருநாளாவது ஒழுங்காச் சிக்கெடுத்திருக்கியா? சீப்பை எடுத்துக்கிட்டு உன் பின்னாடியே நான் தெருத்தெருவா ஓடணுமா?"

அந்தப் பெண்ணுக்கு முடி தோள்பட்டைக்குக்கூட வராது. எல்லாரும் விழித்தோம். அக்கா விடவில்லை. "எங்க, திருப்பிச் சொல்லு. ஒரு வார்த்தை விடக் கூடாது" என்று சார் மாதிரியே ஒப்புவிக்கச் சொன்னார். அவளும் பயந்துகொண்டே ஒப்புவித்தாள்.

அதிலிருந்து பயணம் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் இது நடந்தது. வீட்டில் கிணறே இல்லாத பெண்ணுக்கு, கிணற்றடியில் நின்று வம்பளந்ததற்காக வசவு. மூக்குக் கண்ணாடி போடாத பெண்ணுக்கு, படுத்துக்கொண்டு படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதற்காக வசவு. பாவம், மகளைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை என்று பேசிக்கொண்டோம். நான் ஒரு தடவை தடுக்கப் போனேன். சார் என் கையைப் பிடித்து, "விடு தம்பி, அவங்க பாடம் நடத்தட்டும்" என்றார். இத்தாலி பாஷையை மட்டும் அக்கா அதன் பிறகு தொடவில்லை. கடை வழியாகப் போகும்போது நானே "மாஞ்ஜா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "சாப்டாச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்தார்.

கொஞ்ச நாளில் எனக்குச் சென்னையில் பெரியமேட்டுத் தோல் மண்டியில் வேலை கிடைத்தது. பஸ்ஸுக்குப் போகிற வழியில்தான் அவரிடம் சொல்ல முடிந்தது. அக்கா மூட்டை மேலிருந்து இறங்கினார். பழைய குரல் வந்தது.

"நீயும் போறியா? போற அன்னைக்கு வந்துதான் சொல்லணுமா? முந்தின நாளே சொன்னா உன்னை யாரு கட்டியா போடப் போறாங்க? அம்புட்டுப் பெரிய மனுசனாயிட்டியா? போற எடத்துல எவ உனக்குப் பித்தான் தைப்பா? கொட்டக் கொட்ட முழிச்சிருக்காம நேரத்துக்குத் தூங்கு. நான் இங்க கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சே, வந்து பல்லைத் தட்டிருவேன்."

என்னை ஒப்புவிக்கச் சொல்லவில்லை. நான்தான் பஸ்ஸில் உட்கார்ந்து சென்னை வரைக்கும் எனக்குள் ஒப்புவித்துக்கொண்டே போனேன். அதற்குச் சில வருடம் கழித்து அக்கா தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. லூர்து இரண்டாம் தடவை இந்தப் பக்கம் வரவே இல்லை.

வெகுகாலம் கழித்து மதுரை பஸ் ஸ்டாண்டில் ஒரு கன்னியாஸ்திரி என்னைப் பார்த்து, "பாய் அண்ணே" என்று கூப்பிட்டார். தோளுக்குக்கூட எட்டாத முடி வைத்திருந்த அந்த முதல் பெண். விடுமுறையில் வந்திருந்தார். பழைய கதை பேசினோம். அக்கா பேச்சு வந்தது. அக்காவுக்கு அப்போது புத்தி கொஞ்சம் தடுமாறியிருந்தது என்றேன்.

"அதெல்லாம் ஒன்னும் தடுமாறலண்ணே" என்றார். "நான் அங்க போய் இறங்கின மறுநாள் லூர்து அக்கா என்னைத் துணி துவைக்கிற இடத்துக்குத் தனியா கூட்டிக்கிட்டுப் போச்சு. எங்கம்மா உன்னை எப்படி வஞ்சாங்க, சொல்லுன்னுச்சு. நான் ஒப்புவிச்சேன். இடுப்பு வரைக்கும் முடின்னதும் அப்படியே உட்கார்ந்துருச்சு. சபையில சேரும்போது வெட்டின முடி அதோடது. எங்களுக்கு அப்புறம் வந்த எல்லாப் பிள்ளைகளும் அந்த இடத்துல நின்னு ஒப்புவிச்சிருக்காங்க. கிணத்தடி வம்பு, படுத்துக்கிட்டுப் படிச்சது, எல்லாம் அது பண்ணினதுதான். அம்மா இறந்த செய்தி வந்த அன்னைக்கு எங்க எல்லாரையும் வரச் சொல்லி, மறுபடியும் முதல்ல இருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுச்சு."

பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

"உங்களை அம்மா வையலையாண்ணே?" என்று கேட்டார்.

வைதார்கள் என்றேன். கடைசியாக என்னை வைததை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். போகிற அன்றைக்கு வந்துதான் சொல்லணுமா என்பதிலிருந்து, கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சே, பல்லைத் தட்டிருவேன் என்பது வரை. ஒரு வார்த்தை விடவில்லை. அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தையல் அறையில் உட்கார்ந்திருந்த மாதிரியே, உதடு அசையக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை லூர்து அக்கா இன்னும் கேட்கல" என்றார். "அடுத்த மாசம் திரும்பிப் போறேன். இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்கண்ணே."